கத்தரிப் பூவும் காட்டு வண்டும்

நாள்தோறும் நாம் நுகரும் பொருள்களுள், எவ்வாறு உண்டாயின என்று ஒருகாலும் எண்ணிப் பாராதன பல. நம் இலையில் இடப்படும் காய்களும் கனிகளும் அத்தகையனவே. நிலமும் நீரும் எருவும் உழவர்தம் உழைப்புமே அவற்றை விளைப்பன என்று கருதுகின்றோம். இவை யாவும் குறைவற அமைந்தவிடத்தும், பூவின் மகரந்தப்பொடி சூல்முடியைச் சென்று சேராதாயின் பெரும்பாலான செடிகளிற் காய் பிடித்தல் இல்லை. செடியோ நின்றவிடம் விட்டுப் பெயராதது. ஆதலின் அப்பொடியைச் சுமந்து செல்லத் தூதர் வேண்டும். அத்தூதருள் மனிதரால் வளர்க்கப்படாது வேலியிலும் வரப்பிலும் காட்டிலும் தாமே வாழும் வண்டினங்களைப் பற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

பூவின் நிறமும் மணமும் இதழ்மேற் கோடுகளும் பூச்சிகளை அழைத்தற்கு அமைந்தன என்பதை விரிவாக ஆராய்ந்து 1793ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர், ஜெர்மனி நாட்டு ஸ்பாண்டாவ் நகரிற் பள்ளித் தலைவராயிருந்த ஸ்பிரெங்கல் என்பார். அவர் காலத்தார் அந்நூலைப் பெரிதும் மதித்திலர். சார்லஸ் டார்வின் போற்றிய பின்னரே அதன் அருமை விளங்கிற்று. பூக்கும் செடிவகைகளுள் 100க்கு 87 பங்குக்கு மேற்பட்டவை பூச்சி, பறவை முதலிய உயிர்களின் துணையை வேண்டுவன என இக்காலத்துத் தாவரநூலார் கணக்கிட்டுள்ளனர். நெல் முதலிய தானியங்கள் இத்துணையின்றியே விளையும். காயும் கனியும் எண்ணெய் வித்துக்களுமோ பெரும்பாலும் அதனை நாடி நிற்பன.

இவ்வளவில், "தேனீப் பெட்டிகளை வைத்தாற் போதாதோ?" என்று வினவுவார் உளர். தேனீ வளர்ப்பு நன்முயற்சியே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்தே நியூட்டன் பாதிரியார் நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு ஏற்ப வகுத்த மரப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. எனினும் உலகில் ஏறக்குறைய 20,000 வகைத் தேனீக்கள் உள. அவற்றுட் கூட்டமாய் வாழ்ந்து தேன் திரட்டுவன மிகச் சிலவே. எஞ்சியவற்றுட் பெரும்பாலன தனித்து வாழ்வன. மண்ணைத் தோண்டியும், பட்ட மரத்தைக் குடைந்தும், உள்ளீடற்ற தண்டுகளிற் புகுந்தும் தம் குஞ்சுகளை வளர்ப்பன. இவை நமக்குத் தேன் தாராமையின் நம் கருத்தில் நின்றில. இவை செய்யும் தொழிலைத் தேன் தருவன எல்லாம் செய்யவல்லன அல்ல என்பதற்குக் கத்தரிப் பூவே சான்றாம்.

கத்தரிப் பூவொன்றை எடுத்து நோக்குக. ஊதா நிற இதழ்களின் நடுவே மஞ்சள் நிற மகரந்தப் பைகள் கூம்புபோல் நெருங்கி நிற்கும். பிற பூக்கள் பலவற்றின் பைகள் நெடுகப் பிளந்து பொடியை வெளிவிடும். இதன் பைகளோ நுனியில் ஊசித்துளை போன்ற சிறு வாயில்களையே உடையன. உள்ளே பொடி நிறைந்திருப்பினும் தொட்ட அளவில் வெளிவாராது. இப்பூவிற்குத் தேனும் இல்லை. மரத்தைக் குடைந்து வாழும் கருவண்டும், வயிற்றில் நீலக்கோடுகளையுடைய சிறு தேனீயும் இப்பூட்டைத் திறக்கும் வகையை அறியும். அவை பூவைக் கால்களாற் பற்றிக்கொண்டு, சிறகை விரியாமலே மார்புத் தசைகளை மிக விரைந்து நடுங்கச் செய்யும். அப்பொழுது ரீங்காரம் எழும். சல்லடையைத் தட்டினாற்போலப் பொடி உதிரும். பெட்டியில் வளரும் தேனீக்கு இவ்வித்தை இல்லை. காற்றசைவால் ஓரளவு சேர்க்கை நிகழுமாயினும், வண்டு வந்த பூவே செவ்வையாய்க் காய்க்கும். தக்காளிக்கும் வேலியோரத்து ஆவாரைக்கும் இத்தகைய வண்டுகளே துணை.

ஒரே இனத்தை நம்பியிருத்தலின் தீங்கை நம் நாடு கண்டுமுள்ளது. 1991, 1992ஆம் ஆண்டுகளில் தேனீயின் புழுக்களைக் கொல்லும் நச்சுயிரி நோயொன்று தென்னாட்டிற் பரவி, பெட்டிகளில் இருந்த அடுக்குத் தேனீக்களுட் பெரும்பகுதியை மாய்த்தது. செடியைக் கொணர்ந்து அதற்குரிய பூச்சியைக் கொணராமையால் நேர்ந்த இடரை மலேசியா உணர்த்தும். எண்ணெய்ப்பனை ஆப்பிரிக்காவிற்கு உரியது. மலேசியத் தோட்டங்களில் அதற்குக் கூலியாட்களைக் கொண்டு கையால் மகரந்தம் தூவுவித்தனர். 1981ஆம் ஆண்டிற் காமரூன் நாட்டினின்று அதற்குரிய சிறு கூன்வண்டைக் கொணர்ந்து விட்ட பின்னரே அவ்வேலையும் செலவும் ஒழிந்தன. வண்டு ஊதியமின்றிச் செய்யும் தொழிலின் விலை இதனால் விளங்கும்.

இத்துணை உதவும் உயிர்களுக்கு நாம் செய்வது யாது? உயிர்வேலியை அழித்துக் கம்பிவேலி இடுகின்றோம்; பட்ட மரத்தை ஒன்றுவிடாமல் அகற்றுகின்றோம்; வரப்பையும் புறம்போக்கையும் கொத்திப் புல்லின்றி ஆக்குகின்றோம்; பூக்கள் விரிந்து வண்டுகள் மொய்க்கும் காலையிலேயே பூச்சிமருந்து தெளிக்கின்றோம். கருவண்டுத் தாய் சில குஞ்சுகளையே வளர்ப்பது. ஆதலின் ஒரு தாய் மடிதலும் பேரிழப்பாம். வண்டுகளுக்குக் கேடு விளைத்தல் பற்றி, ஐரோப்பிய ஒன்றியத்தார் மூவகைப் பூச்சிமருந்துகளைத் திறந்த வயல்களில் வழங்கலாகாதென்று 2018ஆம் ஆண்டில் விலக்கினர்.

இவற்றைக் காத்தற்குப் பெரும்பொருள் வேண்டா. தோட்டத்தின் ஓரத்தில் ஒரு கீற்று நிலத்தைக் கொத்தாது விடுதல்; ஆவாரை, நொச்சி, தும்பை, துளசி முதலியவற்றை வேலியருகே வளர்த்தல்; உலர்ந்த மூங்கிற்கழிகளையும் பட்ட கிளைகளையும் ஒரு மூலையிற் சேர்த்து வைத்தல்; மருந்து தவிர்க்கலாகாத விடத்து, பூச்சிகள் அடங்கிய மாலை வேளையில் அளவோடு தெளித்தல் ஆகிய இவை எவர்க்கும் எளியன. கருவண்டைக் கண்டு அஞ்சி அடித்தலும் வேண்டா. அதன் ஆணுக்குக் கொடுக்கு இல்லை. பெண்ணும் பிடித்து வருத்தினாலன்றிக் கொட்டாது.

மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊருக்குச் செல்லும் விடுமுறையிற் கத்தரிப் பாத்தியருகே காலையிற் சிறிது நேரம் அமர்ந்து, வருவன யாவை என எண்ணிப் பார்ப்பாராக. கண்டவற்றை வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைப்பாராக. அறியாமையால் அழித்தவற்றை அறிந்து காத்தலே கல்வியின் பயனாம்.