குழாய்க்குள் பாயும் பிரஷ் (ஆலைக்குள்ளே – 17)

டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீராவியைச் சென்ற வாரம் கண்டென்சர் வாசலில் விட்டிருந்தோம். இனி உள்ளே போகலாம்.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் ஐந்து. நீராவியைக் குளிர்விப்பது கடல்நீர். இந்த அளவு அலகின் கண்டென்சரில் பத்தாயிரத்துக்கு மேல் ட்யூப்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அங்குல விட்டம். உள்ளே கடல்நீர் ஓட, வெளிப்புறத்தில் நீராவி குளிர்ந்து தண்ணீராகிறது.

கடல்நீர் சும்மா வருவதில்லை. முதலில் பாக்டீரியாக்கள் ட்யூப் சுவரில் வழுவழுப்பான சவ்வாகப் படிகின்றன. இந்த வழுவழுப்பில் பெரும்பங்கு தண்ணீர்தான் என்பதால் பலரும் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஓடும் தண்ணீர் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகும். சவ்வுக்குள் சிக்கிய தண்ணீர் நகராது, வெப்பத்தையும் எளிதில் விடாது. ட்யூப் செய்யப்படும் குப்ரோநிக்கல் உலோகத்தோடு ஒப்பிட்டால் அதன் கடத்துதிறன் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லை. அதே கனமுள்ள சுண்ணாம்புப் படிவத்தைவிட இதுதான் பெரிய தடை. விளைவு, கண்டென்சரில் வேக்கம் குறைகிறது. அதே மின்சாரத்துக்குக் கூடுதல் நிலக்கரி எரிகிறது.

பிறகு கொட்டலசும் மட்டியும். கல்பாக்கம் அணுமின் நிலையம் கடலடிச் சுரங்கத்தின் வழியே நீர் எடுக்கிறது. அதில் ஒட்டி வளரும் பச்சை மட்டிகளைப் பற்றி மட்டுமே பல ஆய்வுக் கட்டுரைகள் உண்டு. ஓர் ஓட்டுத்துண்டு ட்யூபுக்குள் சிக்கினால், அதைச் சுற்றி நீர் சீறிப் பாய்ந்து அந்த இடத்தை அரித்து ஓட்டை போட்டுவிடும். வெளிப்புறம் வேக்கம் ஆயிற்றே, கடல்நீர் உள்ளிழுக்கப்பட்டு பாய்லருக்குப் போகும் நீரில் உப்பு கலந்துவிடும். கெமிஸ்டுகளின் தூக்கம் கெடுவது இதனால்தான்.

சுத்தம் செய்ய லோடைக் குறைத்து, கண்டென்சரின் ஒரு பாதியை மட்டும் மூடித் தண்ணீரை வடிப்பார்கள். வாட்டர்பாக்ஸ் மேன்ஹோலைத் திறந்தால் தேனடை மாதிரி ட்யூப் வாய்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு நைலான் பிரஷைச் செருகி, பின்னாலிருந்து தண்ணீர்த் துப்பாக்கியால் அடிக்கிறார்கள். அழுத்தம் 20 பார் அளவில் இருந்தால் போதும். பத்து மீட்டர் ட்யூபை பிரஷ் இரண்டு மூன்று வினாடியில் கடந்து, முன்னால் கருஞ்சேற்றைத் தள்ளியபடி எதிர்முனையில் வந்து விழும். அங்கே பொறுக்குபவர்தான் கணக்குப்பிள்ளை. “அண்ணே, இந்த வரிசையில ஒண்ணு வரல” என்று அவர் குரல் கொடுத்தால் வேலை நிற்கும். உள்ளே தங்கிய பிரஷ், ஒரு ட்யூபையே அடைத்த மாதிரி.

பிரஷ் ட்யூபின் உள்விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால்தான் சுவரை உரசும். கம்பியில் இழை முறுக்கிய பிரஷைக் கையால் தள்ளுவதானால், ஒரு முனையில் விட்டு மறுமுனையில் எடுப்பதே முறை. பாதியில் பின்னிழுத்தால் சாய்ந்த இழைகள் எதிர்ப்புறம் மடங்கி இறுகிக்கொள்ளும்.

எந்த இழை என்பதில்தான் அவசரக்காரர்கள் தவறுவார்கள். அழுக்கு கெட்டியாக இருக்கிறதே என்று ஸ்டீல் கம்பி பிரஷைக் கேட்பார்கள். பித்தளையும் குப்ரோநிக்கலும் கடல்நீரில் தாக்குப்பிடிப்பதே மேலே படியும் மெல்லிய ஆக்ஸைடு படலத்தால். அதை வலுப்படுத்த ஃபெரஸ் சல்பேட் கலந்துவிடும் நிலையங்கள் உண்டு. ஸ்டீல் கம்பி அந்தப் படலத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ட்யூபில் சாதாரண இரும்புக் கம்பி போனாலோ, அதன் துகள்கள் சுவரில் பதிந்து துருப்பிடிக்கும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது ட்யூபின் உலோகம், அழுக்கு அப்புறம்.

நிறுத்தாமலே சுத்தம் செய்ய முடியாதா? முடியும். ஜெர்மனியின் டாப்ராக்கே நிறுவனம் பரப்பிய முறையில், ட்யூபைவிடச் சற்றே பெரிய ஸ்பாஞ்சு உருண்டைகள் குளிர்நீரோடு உள்ளே போய், துடைத்து, வலையில் சிக்கித் திரும்ப முன்பக்கம் வருகின்றன. பெரிய கட்டடங்களின் ஏசி சில்லர்களில் வேறொரு ஏற்பாடும் உண்டு: ட்யூபுக்கு ஒரு பிரஷ், இரு முனையிலும் பிளாஸ்டிக் கூடை. நீரோட்டத்தின் திசையை வால்வு மாற்றும்போதெல்லாம் பிரஷ் இந்தக் கூடையிலிருந்து அந்தக் கூடைக்கு ஓடும். இரண்டிலும் ஓட்டுத்துண்டு வராமல் வடிகட்டி கவனமாக இருக்க வேண்டும். இல்லையேல் பழையபடி மேன்ஹோலைத் திறக்க வேண்டியதுதான்.

தொட்டிகளின் கதை வேறு. அங்கே பிரஷோடு மனிதரும் உள்ளே இறங்குகிறார். ஆக்ஸிஜன் அளவு பார்க்காமல் இறங்கவே கூடாது. அது அடுத்த வாரம்.