எல்லை தாண்டும் வெட்டுக்கிளி: இரு நாடுகள் சேர்ந்து நடத்தும் காவல்

2020 மே மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் கூட்டம் கூட்டமாக வெட்டுக்கிளிகள் காணப்பட்டன. ராஜஸ்தானில் பயிரை அழித்த படை இங்கும் வந்துவிட்டதோ என்று விவசாயிகள் பதறினர். ஆய்வு செய்த வேளாண் துறையினர், அவை உள்ளூர் வகை, பாலைவன வெட்டுக்கிளி அல்ல என்று விளக்கிய பிறகே அச்சம் தணிந்தது.

அந்தப் பாலைவன வெட்டுக்கிளியைக் கண்காணிப்பதில் இந்தியாவும் பாகிஸ்தானும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. மற்ற விஷயங்களில் பேச்சே நின்றுபோன காலங்களிலும் இந்தப் பேச்சு தொடர்ந்தது.

ஒரே பாலை, இரு நாடுகள்

தார் பாலைவனத்தின் ஒரு பக்கம் நமது ராஜஸ்தான், குஜராத். மறுபக்கம் பாகிஸ்தானின் சிந்து மாகாணம். ஈரான், பலுசிஸ்தான் பகுதிகளில் பெருகும் வெட்டுக்கிளிகள், கோடையில் காற்றோடு கிழக்கே நகர்ந்து இங்கு வருகின்றன. தென்மேற்குப் பருவமழையில் மணல் நனைந்ததும், 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில் முட்டையிடுகின்றன. சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சுகள் வெளிவரும். அவற்றுக்குச் சிறகு முளைக்க ஏறத்தாழ ஐந்தாறு வாரம் ஆகும்.

அழிப்பதற்கு ஏற்ற தருணம் அதுதான். சிறகு முளைத்துவிட்டால் காற்றின் திசையில் ஒரே நாளில் 150 கி.மீ. வரை பறந்துவிடும். ஒரு பக்கம் மருந்து தெளித்து, மறுபக்கம் விட்டுவிட்டால் பயனில்லை. பக்கத்து வயலின் எலி வளையை விட்டுவிட்டு, நம் வயலில் மட்டும் கிட்டி வைப்பதைப் போன்றது அது.

ஒரு வெட்டுக்கிளியின் எடை சுமார் 2 கிராம். தினமும் தன் எடை அளவுக்குத் தின்னும். ஒரு சதுர கி.மீ. பரப்புள்ள கூட்டத்தில் 4 கோடி முதல் 8 கோடி வரை இருக்கலாம். அந்தக் கூட்டம் ஒரு நாளில் தின்பது 35,000 பேருக்கான உணவு என்கிறது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு.

எல்லையில் சந்திப்பு

இந்தியா, பாகிஸ்தான், ஈரான், ஆப்கானிஸ்தான் ஆகிய 4 நாடுகளும் 1964-ல் அமைக்கப்பட்ட தென்மேற்கு ஆசிய வெட்டுக்கிளிக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் உறுப்பினர்கள். இதோடு, 1977 முதல் இந்திய, பாகிஸ்தான் வெட்டுக்கிளி அதிகாரிகள் நேரடியாகச் சந்திக்கும் வழக்கமும் ஏற்பட்டது. ஜூன் முதல் நவம்பர் வரையான பருவத்தில், ராஜஸ்தானின் முனாபாவ் அல்லது சிந்துவின் கோக்ராபார் எல்லை நிலையத்தில் கூட்டம் நடக்கும். எங்கே மழை பெய்தது, எங்கே பசுமை தெரிகிறது, எங்கே குஞ்சுகள் இருக்கின்றன என்ற தகவல்களைப் பரிமாறிக்கொள்வார்கள். ஜோத்பூருக்கும் கராச்சிக்கும் இடையே கம்பியில்லாத் தொடர்பும் வைத்திருந்தார்கள். சில ஆண்டுகள் தவிர, 2019 வரை இந்தச் சந்திப்புகள் நடந்தன.

கண்காணிப்பு இல்லாத இடம்

இவ்வளவு இருந்தும் 2019-20ல் பாதிப்பு ஏன் வந்தது? 2018-ல் மே, அக்டோபர் மாதங்களில் வீசிய இரண்டு புயல்களால் அரேபியத் தீபகற்பத்தின் உட்பாலைவனத்தில் மழை கொட்டியது. ஆள் நடமாட்டமற்ற அந்த மணற்பரப்பில், யார் கண்ணிலும் படாமல் வெட்டுக்கிளி பெருகியது. சூழல் சாதகமாக இருந்தால் 3 மாதத்தில் 20 மடங்கு, 6 மாதத்தில் 400 மடங்கு, 9 மாதத்தில் 8,000 மடங்காகப் பெருகக்கூடியது அது. பிறகு ஈரான், பாகிஸ்தான் வழியாக 2019 மே மாதம் ராஜஸ்தானை எட்டியது. அந்தக் குளிர்காலத்தில் ராஜஸ்தான், குஜராத் விவசாயிகளின் சீரகமும் கடுகும் ஆமணக்கும் பாழாயின.

2020-ல் கொரோனா காலத்தில் 4 நாட்டு அதிகாரிகளும் வாரந்தோறும் காணொலி வழியாகப் பேசினர். ஈரானில் கட்டுப்படுத்தினால் இங்கு வருவது குறையும் என்பதால், இந்தியா அந்நாட்டுக்கு 25 டன் மாலத்தியான் அனுப்பியது. இங்கே ட்ரோன், ஹெலிகாப்டர் மூலமும் மருந்து தெளிக்கப்பட்டது.

நமக்கு என்ன பாடம்?

பாலைவன வெட்டுக்கிளி நமக்கு அன்றாடக் கவலை அல்ல. ஆனால், மக்காச்சோளப் படைப்புழுவை நாம் மறக்க முடியாது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டறியப்பட்ட அது, அந்த ஆண்டிலேயே தமிழக மக்காச்சோளத்தைத் தாக்கியது. பூச்சி வரும் செய்தி பூச்சிக்கு முன்னால் வந்து சேர்ந்தால்தான் பயிர் தப்பும்.

பழக்கமில்லாத பூச்சியைக் கண்டால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன், படம் எடுத்து உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். கிசான் அழைப்பு மையத்தை 1800-180-1551 என்ற எண்ணில் கேட்கலாம். பக்கத்து வயல்காரரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள். வரப்புத் தகராறு இருந்தாலும் சொல்லுங்கள். பகை நாடுகளே பூச்சிக்காக உட்கார்ந்து பேசியிருக்கும்போது, பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை சொல்ல நமக்கென்ன தயக்கம்?