மொட்டை மாடி ஒழுகுது, கரண்ட் பில் எகிறுது: அடுக்குமாடி சங்கம் கடன் வாங்கலாமா?

வேலூர்:

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பகுதிகளில் 15, 20 வருஷத்துக்கு முன்பு கட்டிய அடுக்குமாடி வீடுகள் இப்போது ரிப்பேர் கேட்க ஆரம்பித்து விட்டன. மொட்டை மாடியில் தட்டோடு பெயர்ந்து மழைத் தண்ணீர் இறங்குகிறது. பழைய மோட்டார் கரண்டை தின்கிறது. மாடிப்படியில் சோக் வைத்த டியூப்லைட் ராத்திரி முழுக்க எரிகிறது. கோடையில் மேல் மாடி வீடு அடுப்பு மாதிரி கொதிக்கிறது.

ரிப்பேர் செய்தால் மாதாமாதம் கரண்ட் பில் குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லட்சக்கணக்கில் பணத்தை யார் போடுவது என்ற கேள்வி வந்ததும் கூட்டம் கலைந்து விடுகிறது. "மாடி ஒழுகினா எனக்கென்ன" என்கிறார் தரைத்தளத்துக்காரர். "லிப்ட்டே நான் ஏறுறதில்லை" என்கிறார் முதல் மாடிக்காரர்.

இதற்கு ஒரு வழி, எல்லோரும் சேர்ந்து சங்கத்தின் பெயரில் கடன் வாங்கி, மிச்சமாகும் கரண்ட் காசிலேயே தவணை கட்டுவது. இது நடக்கிற காரியமா? எந்தக் கட்டிடத்துக்கு லாபம், எதற்கு நஷ்டம்?

தோல் தொழிற்சாலைகள் போட்ட கணக்கு

தனித்தனி ஆட்கள் சேர்ந்து பொதுக்காரியத்துக்கு கடன் வாங்குவது இந்த மண்ணுக்கு புதுசு இல்லை. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றை கெடுக்கிறது என்று 1991ல் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு போடப்பட்டது. 1996 ஆகஸ்டு 28ந் தேதி வந்த தீர்ப்பில் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ரூ.10 ஆயிரம் அபராதம் விதிக்கப்பட்டது. சுத்திகரிப்பு வசதி இல்லாவிட்டால் தொழிலே நடத்த முடியாது என்ற நிலை வந்தது.

சின்ன தொழிற்சாலைக்காரரால் தனியாக சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. அதனால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பகுதிகளில் தொழிற்சாலைக்காரர்கள் பங்குதாரர்களாக சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தனர். பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 1991ல் வந்த மத்திய அரசு திட்டத்தின் கணக்கு இதுதான்: மத்திய அரசு மானியம் 25 சதவீதம், மாநில அரசு மானியம் 25 சதவீதம், நிதி நிறுவன கடன் 30 சதவீதம், முதலாளிகள் கைக்காசு 20 சதவீதம்.

அதாவது கொஞ்சம் மானியம், கொஞ்சம் கடன், கொஞ்சம் சொந்தப் பணம். அடுக்குமாடிக்கும் இதே கணக்குதான் பொருந்தும். ஒரு வித்தியாசம் உண்டு. தொழிற்சாலைக்காரர்களிடம் கம்பெனி என்ற சட்டப்படியான அமைப்பு இருந்தது. நம்ம ஊர் அடுக்குமாடிகள் பலவற்றில் வாட்ஸ்அப் குரூப் மட்டும்தான் இருக்கிறது.

பேங்க் ஏன் தயங்குகிறது?

மும்பையில் கூட்டுறவு வீட்டு வசதி சங்கங்கள் பழைய கட்டிடத்தை தாங்களே இடித்துக் கட்ட மும்பை மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி கடன் கொடுத்து வருகிறது. அங்கே பல இடங்களில் நிலமும் கட்டிடமும் சங்கத்தின் பெயரிலேயே இருக்கும். அடமானம் வைக்க சொத்து உண்டு.

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு ஒவ்வொரு வீட்டுக்காரர் பத்திரத்திலும் தனித்தனியாக இருக்கிறது. சங்கத்துக்கு என்று சொத்து கிடையாது. அதனால் பேங்க் மானேஜர் முதலில் கேட்பது, "தவணை நின்னா யாரை கேட்கிறது?" என்பதுதான்.

எஸ்தோனியா என்ற குளிர் நாட்டில் பழைய அடுக்குமாடிகளை குளிர் தாங்கும்படி சீர்செய்ய வீட்டுக்காரர் சங்கங்களே கடன் வாங்கின. அரசு 2010ல் இருந்து செலவில் 15 முதல் 35 சதவீதம் வரை மானியம் கொடுத்தது. மாதாமாதம் ஒழுங்காக வரும் பராமரிப்பு பணத்தை நம்பித்தான் பேங்க் கடன் கொடுத்தது. வரவு செலவு நோட்டு சுத்தமாக இருந்தால், அதுவே சங்கத்துக்கு சொத்து மாதிரி.

இங்கே 1994ம் வருஷ அடுக்குமாடி சட்டத்துக்கு பதிலாக கொண்டு வரப்பட்ட தமிழ்நாடு அடுக்குமாடி குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022, கடந்த 2024 மார்ச் மாதம் அமலுக்கு வந்தது. சங்கத்தை பதிவு செய்யாதவர்கள் கடன் பேச்சை எடுக்கும் முன்பு அதை முடித்தாக வேண்டும்.

12 வீட்டுக்கு ஒரு கணக்கு

லிப்ட், மோட்டார், மாடிப்படி விளக்கு போன்ற பொது உபயோக மின்சாரத்துக்கு 2022 செப்டம்பர் வரை வீட்டுக் கட்டணமே இருந்தது. பிறகு தனிப்பிரிவு ஆக்கி யூனிட்டுக்கு ரூ.8 ஆக்கினார்கள். 10 வீடும் அதற்கு குறைவாகவும், 3 மாடிக்குள், லிப்ட் இல்லாமல் இருக்கும் கட்டிடங்களுக்கு 2023ல் ரூ.5.50 ஆக குறைத்தார்கள். கட்டணம் அவ்வப்போது மாறுவதால் கடைசி ரசீதை பார்த்துக் கணக்கு போட வேண்டும்.

பி.எம். சூர்யகர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களின் பொது உபயோக சோலாருக்கு கிலோவாட்டுக்கு ரூ.18 ஆயிரம் மானியம் உண்டு. லிப்ட் உள்ள 12 வீட்டு கட்டிடத்தில் 5 கிலோவாட் சோலார் போடுவதாக வைத்துக்கொள்வோம். கிலோவாட்டுக்கு ரூ.60 ஆயிரம் என்றால் செலவு ரூ.3 லட்சம். மானியம் ரூ.90 ஆயிரம். மீதி ரூ.2 லட்சத்து 10 ஆயிரம்.

இதை 10 சதவீத வட்டியில் 5 வருஷ கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ.4,460. ஒரு வீட்டுக்கு ரூ.372. சோலாரில் நாளைக்கு சுமார் 20 யூனிட், மாதம் 600 யூனிட் வரும். அத்தனையும் உபயோகமானால் ரூ.8 கணக்கில் ரூ.4,800 மிச்சம். தவணை போக கொஞ்சம் கையிலும் நிற்கும்.

அதே சோலாரை ரூ.5.50 கட்டணம் உள்ள சின்ன கட்டிடத்தில் போட்டால் மிச்சம் ரூ.3,300 தான். தவணைக்கே மாதம் ஆயிரத்துக்கு மேல் இடிக்கும். லிப்ட் இல்லாத இடத்தில் மாதம் 600 யூனிட் செலவாவதே சந்தேகம். இப்படிப்பட்ட கட்டிடக்காரர்கள் கடன் வாங்காமல் விளக்கையும் மோட்டாரையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். சோக் வைத்த 10 டியூப்லைட் 12 மணி நேரம் எரிந்தால் நாளைக்கு சுமார் 6 யூனிட். எல்.இ.டி. மாற்றினால் இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும்.

மாடி ஒழுகலை அடைப்பதும், வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிப்பதும் வேறு கணக்கு. அதனால் மேல் வீட்டில் சூடு குறையும், கான்கிரீட் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கும். ஆனால் பொது பில்லில் காசு மிச்சமாகாது. அந்தக் கடனுக்கு தவணை கைக்காசில் இருந்துதான் போக வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே பேசி விடுவது நல்லது. மாடி ஒழுகலை சரி செய்யாமல் அதன் மேல் சோலார் ஸ்டாண்டு நட்டால், பிறகு கழற்றி மாட்டும் செலவு தனி.

மாட்டிக்கொள்ளும் இடங்கள்

* மானியம் முதலில் வராது. சோலார் ஓட ஆரம்பித்த பிறகுதான் பேங்க் கணக்குக்கு வரும். அதுவரை ரூ.90 ஆயிரத்தை வீட்டுக்கு ரூ.7,500 போட்டு சமாளிக்க வேண்டும்.

* பேங்க் இழுக்கிறது என்று வெளியில் மூணு வட்டிக்கு வாங்கினால் ரூ.2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு வட்டி மட்டும் மாதம் ரூ.6,300. மிச்சமாகும் ரூ.4,800 வட்டிக்கே பத்தாது. அசல் அப்படியே நிற்கும்.

* செயலாளரோ பொருளாளரோ தன் சொந்தப் பெயரில் ஜாமீன் கையெழுத்து போட்டால், நாளைக்கு நாலு வீடு தவணை நிறுத்தினாலும் பேங்க் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பொதுக்குழு தீர்மானம், எல்லா வீட்டுக்காரர் கையெழுத்து இரண்டும் இல்லாமல் யாரும் பேனாவை எடுக்கக் கூடாது.

* யாருக்கு எவ்வளவு பங்கு, சதுர அடி கணக்கா, வீட்டுக்கு சமமா என்பதை கடனுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். வீட்டை விற்றால் பாக்கி தவணையை விற்பவர் கட்டுவதா, வாங்குபவர் கட்டுவதா என்பதையும் எழுதி விட வேண்டும்.

* நம்ம ஊரில் ஷூ கம்பெனி தொழிலாளர்கள் பலர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். கட்டிடத்தை மேம்படுத்தும் செலவு சொத்துக்காரருடையது. பராமரிப்பு கட்டணம் என்ற பெயரில் தவணையை வாடகைக்காரர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. ரசீதில் பராமரிப்பு தனி, கடன் தவணை தனி என்று பிரித்து எழுதச் சொல்லி கேட்கலாம்.

* கூடுதலாக வரும் மின்சாரத்தை வாரியம் எப்படி கணக்கில் எடுக்கும், நெட்வொர்க் கட்டணம் எவ்வளவு என்பதை மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் விசாரித்த பிறகே சோலார் கம்பெனிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

கட்டினால் மட்டும் போதுமா?

2015 ஜனவரி 31ந் தேதி அதிகாலை ராணிப்பேட்டை சிப்காட் பகுதி பொது சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்து தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் சிக்கி பலியானார்கள். பாலாறு மாசு வழக்கில் 2025 ஜனவரியில் கூட சுப்ரீம் கோர்ட்டு மறுபடி தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. எல்லோருக்கும் சொந்தமான பொருளை தினமும் பார்த்துக்கொள்ள ஆளும் பணமும் ஒதுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது இந்தப் பகுதி மக்களுக்கு புதிதாக சொல்ல வேண்டியது இல்லை.

அடுக்குமாடியிலும் சோலார் பலகையை துடைக்கவும், இன்வெர்ட்டர் கெட்டால் மாற்றவும், மாடி மழைநீர் குழாயில் அடைப்பு எடுக்கவும் மாதம் ஒரு தொகையை தவணைக்கு வெளியே தனியாக எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு ரூ.100 என்றாலும் 12 வீட்டுக்கு வருஷத்துக்கு ரூ.14,400 சேரும்.

கடன் வாங்க நினைக்கும் சங்கங்கள் முதலில் கடைசி ஒரு வருஷ பொது மீட்டர் ரசீதுகளை எடுத்து வைத்து, மாதம் எத்தனை யூனிட், என்ன கட்டணம் என்று பார்க்க வேண்டும். அடுத்து, பராமரிப்பு பணம் ஒரு வருஷமாக எல்லா வீட்டிலிருந்தும் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று நோட்டை புரட்ட வேண்டும். மாதம் ரூ.500 பராமரிப்பையே இழுத்தடிக்கும் வீடு அதில் நாலு இருந்தால், அந்தக் கட்டிடம் இன்னும் கடனுக்கு தயாராகவில்லை. பாக்கியை வசூல் செய்து முடித்த பிறகு பேங்க் வாசலுக்கு போகலாம்.