குதிரைக்குக் கொள்ளு மட்டும் போதுமா? ஓட்டத்தின் ரகசியம் புல்லில்தான் இருக்கு!

குதிரை என்றதும் கொள்ளுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால், கொள்ளும் ஓட்ஸும் துணை உணவுகள் மட்டுமே. மெரினாவில் சவாரி போகும் குதிரையோ, பந்தயம் ஓடும் குதிரையோ, வயிற்றை நிரப்ப வேண்டியது புல்.

தீவனத்தில் தவறினால் என்ன ஆகும்? 13-ம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பல்களில் வந்திறங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாக எழுதியிருக்கிறார். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாததே காரணம் என்கிறார். அரிசியோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குக் கொடுத்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார்!

புல் ஏன் முக்கியம்?

அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பையின் கொள்ளளவு சுமார் 8 முதல் 15 லிட்டர்தான். அதில் நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ, மெல்லும்போது மட்டுமே சுரக்கும். ஒரு கிலோ உலர்புல்லை மென்று முடிக்க ஏறக்குறைய 40 நிமிடங்கள் ஆகும். தானியம் என்றால் 10 நிமிடங்களில் காலி. நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு நின்றால், குதிரைக்கும் அல்சர் வரும்.

புல்லின் நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் சக்தியாக மாற்றுகின்றன. அங்கே தங்கும் நார், தண்ணீரையும் உப்புகளையும் பிடித்துவைப்பதால், ஓடி வியர்க்கும்போது அது கைகொடுக்கும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

* உடல் எடையில் 1.5 முதல் 2 சதவிகிதம். 400 கிலோ குதிரைக்கு தினமும் 6 முதல் 8 கிலோ உலர்புல். பசும்புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், மூன்று நான்கு மடங்கு தேவைப்படும்.

* அருகம்புல், ஓட்ஸ் புல் நல்லவை. புரதமும் கால்சியமும் நிறைந்த குதிரை மசாலை அளவோடு சேர்க்கலாம்.

* சவாரிக்கு முன்பு கொஞ்சம் புல் கொடுத்தால், ஓடும்போது அமிலம் தெறித்து இரைப்பையைப் புண்ணாக்குவது குறையும்.

* தானியத்தை ஒரு வேளைக்கு 2 கிலோவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதிகமானால், செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலில் புளித்து, வயிற்றுவலியையும் குளம்பு அழற்சியையும் வரவழைக்கும்.

* மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் புல்லை மட்டுமே நம்பக் கூடாது. அதிலுள்ள ஆக்ஸலேட், கால்சியம் உடம்பில் சேரவிடாமல் தடுத்து எலும்புகளைப் பலவீனமாக்கும்.

* பூஞ்சணம் பிடித்த புல் வேண்டவே வேண்டாம். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால், 7 முதல் 10 நாள்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

உடனே கவனியுங்கள்!

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் சாதாரண வயிற்றுவலிகூட உயிருக்கே ஆபத்தாகலாம். தீவனத்தைத் தொடாமல் இருப்பது, காலால் தரையைப் பறிப்பது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, படுத்துப் புரள்வது, சாணம் போடாதது... இவற்றில் எது தெரிந்தாலும் கைவைத்தியம் பார்த்துக் காத்திருக்காமல், உடனே கால்நடை மருத்துவரை அழைத்துவிடுங்கள்.