கப்பலுக்காகவா, கரைக்காகவா?

மெஜஸ்டிக்கிலிருந்து இரவில் கன்னியாகுமரிக்குப் புறப்படும் ரயிலைப் பெங்களூரின் பழைய ஆட்கள் இன்னும் 'ஐலண்ட் எக்ஸ்பிரஸ்' என்றுதான் சொல்கிறார்கள். கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, ஏரிகளைத் தவிர வேறு நீரில்லாத ஊரில் ஒரு ரயிலுக்குத் தீவின் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பு அந்த வண்டி கொச்சியின் வில்லிங்டன் தீவில், துறைமுகத்தை ஒட்டியிருந்த ஹார்பர் டெர்மினஸ் வரை போய் நின்றது. இன்று அந்தப் பாதை முடிந்துவிட்டது. எர்ணாகுளத்தில் இறங்கி ஆட்டோ பிடித்துத்தான் தீவுக்குப் போக வேண்டும்.

போனால், இரண்டு வகைக் கப்பல்களை ஒரே தீவில் பார்க்கலாம். 'சாகரிகா' முனையத்தில் பத்து மாடி உயரத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் சொகுசுக் கப்பல். அதே தீவிலிருந்து லட்சத்தீவுக்குப் புறப்படும் அரசுக் கப்பல்: அரிசி மூட்டை, பிளாஸ்டிக் வாளி, கல்லூரி விடுதியிலிருந்து ஊர் திரும்பும் பிள்ளைகள், கொச்சி மருத்துவமனைக்கு வந்து திரும்பும் முதியவர்கள். இரண்டிலும் சுற்றுலாப் பயணி ஏறலாம். இரண்டும் ஒரே கடலுக்குத்தான் போகின்றன. ஆனால் இரண்டும் ஒரே பயணம் அன்று.

கடந்த சில மாதங்களாக அல்சூரில் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சும் இதுதான். விடுமுறைக்குக் கப்பலில் போவது என்று முடிவாகிவிட்டது. பெரியதா, சின்னதா என்பதுதான் முடியவில்லை. அம்மாவுக்கு 72 வயது, முழங்கால் வலி. மகள் எட்டாம் வகுப்பு. நான் இரண்டு வகையிலும் ஒவ்வொரு முறை போய் வந்தவள் என்பதால் தீர்ப்பு என்னிடம் கேட்கப்பட்டது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தைச் சொல்லிவிட வேண்டும். பெரிய கப்பல் என்றால் நெரிசல், சின்னக் கப்பல் என்றால் விசாலம் என்று பலர் நினைக்கிறார்கள். கப்பலை விளம்பரத்தில் 'இத்தனை டன்' என்று சொல்வது எடையை அன்று. அது கப்பலுக்குள் அடைபட்ட இடத்தின் கொள்ளளவு. அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு கிடைக்கும். நம் கரைகளில் ஓடும் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. 48,563 டன், 796 அறைகள். அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தால் ஆளுக்கு 30. சிங்கப்பூரிலிருந்து ஓடும் 'கென்டிங் ட்ரீம்' மூன்று மடங்கு பெரியது, 1,50,695 டன். அறைக்கு இருவராக 3,352 பேர். ஆளுக்கு 45 வருகிறது. 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன். அதிலும் கிட்டத்தட்ட 44தான். ஆனால் 2022 நவம்பரில் மங்களூருக்கு வந்து போன ஜெர்மானிய 'யூரோப்பா 2' எம்ப்ரஸைவிடச் சற்றுச் சின்னது, 42,830 டன். அதில் ஏறுவோர் 516 பேர்தான். ஆளுக்கு 83! அந்த விசாலத்துக்குத் தரும் விலை நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாதது என்பது வேறு விஷயம்.

இந்தக் கணக்கைச் சொன்னபோது அம்மா தன் அப்பாவை நினைத்துக்கொண்டார். தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனது 'ரஜூலா'வில். 1926-இல் கட்டப்பட்ட கப்பல். சுமார் 8,500 டன். அதில் மேல்தளப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்ற ஆரம்பத்தில் அனுமதி இருந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு இரண்டுகூட வராது. பாயும் டிரங்குப் பெட்டியும் வைத்த இடம்தான் அறை. எழுபதுகளில் ரஜூலா ஓய்ந்து அந்த வழியில் 'சிதம்பரம்' வந்தது. 1985 பிப்ரவரியில் அது நடுக்கடலில் தீப்பற்றியதோடு நாகைக்கும் மலேயாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பலே நின்றுபோனது. நம் மக்கள் கப்பல் ஏறியது பெரும்பாலும் பிழைப்புக்காகத்தான். விடுமுறைக்காகக் கப்பல் ஏறும் முதல் தலைமுறை நாம்.

அம்மாவுக்கு அதில் நன்றாக நினைவிருப்பது கப்பல் அன்று, படகு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, வெகு தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் ஏறிப் போய், அலையில் படகு மேலே எழும் நேரம் பார்த்துக் கப்பலின் ஏணியைப் பிடிக்க வேண்டும். தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் இறங்கியதை அம்மா இப்போதும் கை வைத்துக் காட்டுவார்.

பெரியதா சின்னதா என்ற கேள்வியில் எனக்குப் படும் முக்கியமான இடம் அந்தப் படகுதான். கப்பலின் அளவு பெருகப் பெருக, அது ஒட்டி நிற்கக்கூடிய கரைகள் குறைகின்றன. ஆழமான துறைமுகம் வேண்டும், நீளமான மேடை வேண்டும், திரும்ப இடம் வேண்டும். ஊரும் விட வேண்டும். வெனிஸ் நகரின் ஜூடெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 2021 ஆகஸ்ட் முதல் நுழைய முடியாது. எம்ப்ரஸ் அளவுள்ள கப்பலுக்கும் அங்கே இடமில்லை.

லட்சத்தீவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். தீவைச் சுற்றிப் பவளப்பாறை வளையம், உள்ளே இடுப்பளவு, கழுத்தளவு நீர் தேங்கிய காயல். கப்பல் பெரும்பாலும் வளையத்துக்கு வெளியேதான் நிற்கும். சொகுசுக் கப்பலில் அகத்திக்குப் போனாலும் அரசுக் கப்பலில் கல்பேனிக்குப் போனாலும் கடைசி மைல் படகில்தான். பெரிய கப்பலிலிருந்து ஆயிரம் பேர் இறங்க வேண்டுமானால் பாதி நாள் வரிசையிலேயே போய்விடும். காற்று சற்று எழும்பினால், பத்திரம் கருதித் தீவையே தவிர்த்துவிட்டுக் கப்பல் அடுத்த இடத்துக்குப் போய்விடும். நீச்சல்குளத்துக்குப் பக்கத்தில் நின்று தீவைத் தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

'எம்.வி. கவரத்தி' என்ற அரசுக் கப்பல் 700 பேரை ஏற்றும். விசாகப்பட்டினம் ஹிந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 'சமுத்திரம்' என்ற ஐந்து நாள் திட்டத்தில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் மூன்றையும் காட்டுகிறார்கள். இரவில் கப்பல் ஓடும், பகலில் தீவில் இறக்கிவிடும். ஆடம்பரம் எதுவும் கிடையாது. அறை சின்னது, சாப்பாட்டில் தேங்காயும் மீனும் தூக்கல், பாட்டுக் கச்சேரி இல்லை, நீச்சல்குளம் இல்லை. ஆனால் மேல்தளத்தில் மாலையில் நின்றுகொண்டிருந்தபோது மினிக்காய்க்காரர் ஒருவர், தன் ஊரில் சூரை மீனை அவித்துப் புகையிட்டுக் காயவைத்து மாசி செய்யும் முறையை அரை மணி நேரம் சொன்னார். அவர்கள் பேசும் மஹல் மொழியில் பத்து வரை எண்ணவும் கற்றுக்கொடுத்தார். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மறுநாள் நின்றபோது, கீழே தெரிந்தது யாரோ ஒருவருடைய ஊர் என்ற உணர்வு இருந்தது. சிங்கப்பூரிலிருந்து போன பெரிய கப்பலில் நான்கு நாளில் எனக்கு அப்படி ஓர் உரையாடல் அமையவில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என்னைப்போல விடுமுறைக்கு வந்தவர்கள்.

அதே சமயம், அந்தச் சின்னக் கப்பலில் இரண்டாம் இரவு நான் பட்ட பாட்டையும் மறைக்கக்கூடாது. குமட்டல். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. கப்பல் பெரியதானால் ஆட்டம் குறையும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் கப்பலின் அளவைவிட, அதில் நீங்கள் படுக்கும் இடம் முக்கியம். சீசா பலகையில் நடுவில் உட்கார்ந்தவர் ஆடமாட்டார், நுனியில் இருப்பவர்தான் ஏறி இறங்குவார். கப்பலும் அப்படித்தான். நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் பாதி பிரச்சினை தீரும். அதிக விலைக்கு விற்கும் உச்சித்தள பால்கனி அறைதான் அதிகம் ஆடும் என்பதை டிராவல் ஏஜென்டுகள் தாமாகச் சொல்வதில்லை. இப்போதைய பெரிய கப்பல்களில் நீருக்கடியில் மீன் துடுப்புபோல இரு பக்கமும் நீளும் தகடுகள் ஆட்டத்தைத் தணிக்கும். ஆனால் அவை முழுப் பலன் தருவது கப்பல் ஓடும்போது. நங்கூரமிட்டு நிற்கும்போது அலை தன் வேலையைக் காட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் மாதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலைப் புரட்டிப்போடும். லட்சத்தீவுச் சுற்றுலாக் கப்பல்கள் அப்போது நின்றுவிடும். அந்த மாதங்களில்தான் எம்ப்ரஸ் மேற்குக் கரையை விட்டுச் சென்னைக்கு வந்தது. 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல் பயணம். 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றும் பயணம். அக்டோபர் பிறந்தால் வங்கக் கடலில் புயல் காலம். பெங்களூர்க்காரருக்கு இது ஒருவகையில் வசதி. ஜூலையில் கிழக்கே சென்னை, ஜனவரியில் மேற்கே கொச்சி, இரண்டும் ஓர் இரவுத் தூரம்தான்.

காங்கேசன்துறையைச் சொன்னதும் இன்னொரு படகைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து அதே காங்கேசன்துறைக்கு 'செரியபாணி' புறப்பட்டது. கொச்சியில் கட்டிய, 150 பேர் போகக்கூடிய விரைவுப் படகு. மழைக்காலம் வந்ததால் ஒரு வாரத்திலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. அதிலும் 150 இருக்கைதான். சுமார் நான்கு மணி நேரம். சொகுசுக் கப்பலில் போனவருக்கு யாழ்ப்பாணம் சில மணி நேரம்: பேருந்தில் நல்லூர், ஒரு நூலகம், ஒரு கடை, மாலை கப்பல் சங்கு ஊதும். படகில் போனவர் அங்கே தங்கலாம், சைக்கிள் எடுத்துக்கொண்டு நெடுந்தீவு வரைகூடப் போகலாம். ஐந்து தலைமுறையாக உறவு கொண்டாடிய கரைக்குச் சில மணி நேரம் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. யாழ்ப்பாணம் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தயவுசெய்து படகில் போங்கள்.

இதெல்லாம் சொன்ன பிறகும், அம்மாவுக்குப் பெரிய கப்பலைத்தான் நான் சொன்னேன். லட்சத்தீவில் கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து ஆடும் படகுக்குக் கால் வைக்க வேண்டும். மாலுமிகள் இரண்டு கையையும் பிடித்துக்கொள்வார்கள், மிகுந்த அக்கறையோடு செய்வார்கள். ஆனாலும் அந்த ஒரு எட்டு நம் முழங்கால் வைக்க வேண்டிய எட்டு. பெரிய கப்பலில் லிஃப்ட் உண்டு, சக்கர நாற்காலி உண்டு, உடனே போய்க் காட்ட டாக்டர் உண்டு. இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் சைவச் சமையலுக்கும் குறைவில்லை. கரைக்கு இறங்காமல் ஒரு நாள் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாலும் காசு வீணில்லை, ஏனென்றால் அங்கே கப்பலேதான் ஊர். கப்பலே ஊராக வேண்டும் என்பவருக்குப் பெரியது, கரை வேண்டும் என்பவருக்குச் சின்னது. எங்கள் வீட்டுப் பேச்சு கடைசியில் இப்படித்தான் பிரிந்தது.

காசு பற்றி ஒன்று. விளம்பரத்தில் போட்டிருக்கும் டிக்கெட் விலையோடு துறைமுகக் கட்டணம், பணியாளர் அன்பளிப்பு, இணையம், பானங்கள், கரையில் சுற்றிக்காட்டும் செலவு எல்லாம் சேரும். எழுதிக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சிங்கப்பூரில் ஏறி மலேசியா தொட்டுத் திரும்புகிறவர்கள், சிங்கப்பூருக்குள் இரண்டாம் முறை நுழையவும் விசா இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லட்சத்தீவுக்கு நம் நாட்டவருக்கே நுழைவு அனுமதி தேவை. அதற்கு நாள் பிடிக்கும்.

மங்களூரில் ஒவ்வொரு குளிர்காலமும் வெளிநாட்டுக் கப்பல்கள் பணம்பூரில் வந்து நிற்கின்றன. பயணிகள் மூடபித்ரியின் ஆயிரங்கால் பசதியும் கார்கலாவின் கோமடேஸ்வரரும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். நம் மாநிலத்துக் கரையிலிருந்து நாமே ஏறிப்போக ஒரு நல்ல சின்னக் கப்பல் அங்கிருந்து ஓடினால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நினைக்கிறேன்.

இப்போதைக்கு எங்கள் ஏற்பாடு இது. ஜூலையில் சென்னையிலிருந்து, அட்டவணை வந்ததும், அம்மாவோடு எல்லோரும் பெரிய கப்பலில். கீழ்த்தளம், நடு அறை. ஜனவரியில் நானும் மகளும் மட்டும் ஐலண்ட் எக்ஸ்பிரஸில் கொச்சிக்கு. அனுமதி விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது, மகளின் புகைப்படம்தான் இன்னும் எடுக்கவில்லை. அம்மா மெஜஸ்டிக் வரை வந்து வண்டி ஏற்றிவிடுவாராம். மினிக்காயிலிருந்து அரைக் கிலோ மாசி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.