உள்ளாட்சி மன்றங்களில் மகளிர் இடஒதுக்கீடு

ஆட்சிப் பொறுப்பில் பெண் அமர்வது திண்டுக்கல் சீமைக்குப் புதிய செய்தியன்று. 1772ஆம் ஆண்டுக் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார் அடைக்கலம் புகுந்தது நம் விருப்பாட்சிப் பாளையத்தில்தான். ஐதர் அலியின் துணையுடன் 1780இல் சிவகங்கையை மீட்டார். காந்திகிராமத்தை நிறுவியவர்களுள் ஒருவரான டாக்டர் சௌந்தரம் 1952இல் ஆத்தூரிலும் 1957இல் வேடசந்தூரிலும் வென்று சட்டமன்றம் புகுந்தார். 1962இல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினராகி, மத்திய கல்வித் துணை அமைச்சராகவும் விளங்கினார். ஆயின் முன்னவர் அரசகுலத்தவர். பின்னவர் செல்வக்குடியில் பிறந்த மருத்துவர். நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ களையெடுத்து வாழும் பெண்ணொருத்தி ஊராட்சித் தலைவராவதற்குச் சட்டம் துணைநிற்க வேண்டியிருந்தது.

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்களே அத்துணை. உள்ளாட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மகளிர்க்கு அவை ஒதுக்கின. தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1996இல் தேர்தல் நடந்தது. 2016இல் ஒதுக்கீடு 50 விழுக்காடாயிற்று. திண்டுக்கல் மாவட்டத்து ஊராட்சிகள் 306. 2022இல் திண்டுக்கல் மாநகராட்சியின் மேயர் பதவியும் மகளிர்க்கு ஒதுக்கப்பட, இளமதி அப்பொறுப்பை ஏற்றார்.

"பெயர் மனைவிக்கு, ஆட்சி கணவனுக்கு" என்று இகழ்வோர் உண்டு. அது நடவாததன்று. ஆயினும் அக்குறைக்கு மருந்து ஒதுக்கீட்டை நீக்குவதாகாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் இணைந்து கையொப்பமிட வேண்டும் என்பது நம் மாநில முறை. தலைவர் தம் கருத்தின்படி நடக்கத் தலைப்பட்டதும் துணைத்தலைவர் கையொப்பம் மறுத்தால், குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் அப்படியே நின்றுவிடும். தலைவர் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண்ணாயின் இத்தடை இன்னும் கொடிது. கணவனைப் பற்றிப் பேசுவோர் இந்த இரண்டாம் கையொப்பத்தைப் பற்றி ஏனோ பேசுவதில்லை! பதவி முடிகிறது, சுழற்சிமுறையில் ஒதுக்கீடு வேறு ஊராட்சிக்குப் போகிறது, கணக்கும் சட்டமும் கற்றுத் தேர்ந்த அம்மையார்க்குப் பொதுத்தொகுதியில் வாய்ப்பளிக்கக் கட்சிகள் முன்வருவதும் அரிது. இதற்கிடையே 2016 முதல் 2019 வரை ஊராட்சித் தேர்தலே நடைபெறவில்லை. 2025 சனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மீண்டும் தனி அலுவலர்கள் வந்தனர். மன்றமே இல்லாதபோது அதில் பாதி என்பது எதன் பாதி?

ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவை இங்கு ஒப்புநோக்கலாம். 1994ஆம் ஆண்டு இனப்படுகொலைக்குப் பின் அந்நாடு 2003இல் இயற்றிய அரசியலமைப்பு, முடிவெடுக்கும் அமைப்புகளில் குறைந்தது 30 விழுக்காடு பெண்கள் இருக்கவேண்டும் என்றது. கீழவையின் 80 இடங்களில் 24 பெண்களுக்கே உரியவை. ஆனால் 2003இல் வென்றவர் 39 பேர். 2008இல் 45 பேர். உலகில் பெண்கள் பெரும்பான்மையான முதல் நாடாளுமன்றம் அதுவே. ஒதுக்கிய இடங்களுக்கு அப்பாலும் கட்சிப் பட்டியல்களில் பெண்களுக்கு இடம் தந்ததன் விளைவு இது. அதிகாரம் அதிபரிடம் குவிந்துள்ள அந்நாட்டில் நாடாளுமன்றத்தின் சொல் எவ்வளவு செல்லும் என்பது தனி வினா. அண்டையிலுள்ள இலங்கையிலும் போர் ஓய்ந்தபின் உள்ளாட்சியில் 25 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. இரண்டு விழுக்காட்டளவே இருந்த பெண் உறுப்பினர், 2018 தேர்தலில் 20 விழுக்காட்டைத் தாண்டினர்.

நம் நாட்டில் மக்களவைக்கும் சட்டமன்றங்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது; மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பின்னரே அது செயற்படும் என்றும் அதிலேயே விதிக்கப்பட்டது. தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் மூன்றில் ஒரு பங்கு 78. 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற மகளிர் 12 பேர்.