நிலவுக்குப் போன கைப்பக்குவம்

நிலவுப் பயணமே பொய் என்று வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு ஒரு பிடி அவலைக் கொடுத்தவர் அமெரிக்க விண்வெளி வீரர் டான் பெட்டிட். நிலவுக்குப் போகச் சொன்னால் இந்த நொடியே கிளம்பிவிடுவேன், ஆனால் அதற்கான தொழில்நுட்பம் இப்போது நம்மிடம் இல்லை, இருந்ததை அழித்துவிட்டோம், திரும்ப உருவாக்குவது வேதனையான வேலை என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னார். அந்தச் சில நொடிக் காணொளி இன்றும் சமூக ஊடகங்களில் சுற்றுகிறது. கூடவே ஒரு கேள்வியும் வரும்: 'சட்டைப் பையில் கணினி வைத்துக்கொண்டு திரியும் இந்தக் காலத்தில் முடியாதது, 1969இல் எப்படி முடிந்தது?'

கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. 1972 டிசம்பரில் அப்போலோ 17 திரும்பியதற்குப் பிறகு, அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒருவரும் நிலவில் கால் வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தொழில்நுட்பம் மேல்நோக்கி மட்டுமே போகும், ஒருமுறை கைக்கு வந்த வித்தை பிறகு கைவிட்டுப் போகாது என்ற நம்பிக்கை. தவறு அங்கேதான் இருக்கிறது.

கல் சொல்லும் சாட்சி

முதலில் சாட்சியத்தைப் பார்த்துவிடலாம். ஆறு பயணங்களில் 12 பேர் நிலவில் இறங்கினார்கள். 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தார்கள். சோவியத் ரஷ்யா ஆளில்லாக் கலங்களை அனுப்பி, மூன்று பயணங்களில் கொண்டுவந்த மண் அரைக் கிலோகூடத் தேறாது. அப்போலோ கற்களை உலகெங்கும் ஆய்வகங்கள் சோதித்தன. பம்பாயில் உள்ள டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் தேவேந்திர லால் குழுவினரும் சோதித்தார்கள். அந்தக் கற்களில் காஸ்மிக் கதிர்கள் பதித்த நுண்தடங்கள் இருந்தன. காற்று மண்டலம் இல்லாத இடத்தில் லட்சக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கல்லில்தான் அவை அப்படிப் பதியும். நுண்ணிய விண்கற்கள் மோதிய ஊசிமுனைக் குழிகளும் அவற்றின் மேல்பரப்பில் இருந்தன. இவற்றை எந்தப் பட்டறையிலும் போலியாகச் செய்ய முடியாது.

போட்டியில் இருந்த நாடும் சும்மா இருக்கவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்த அதே வேளையில் சோவியத்தின் லூனா 15 நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. மறுநாள் தரையில் மோதி நொறுங்கியது. அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால், அதை முதலில் உலகுக்கு அறிவித்திருக்கக்கூடிய நாடு அதுதான். அது வாய் திறக்கவில்லை. அண்மைக் காலத்தில் நம் சந்திரயான் 2 சுற்றுக்கலத்தின் கேமராவும் அப்போலோ 11 இறங்கிய இடத்தைப் படம் எடுத்தது. அவ்விருவரும் இறங்கிய ஈகிள் கலத்தின் அடிப்பாகம் விட்டுவந்த இடத்திலேயே இன்னும் நிற்கிறது.

ஆக, போனார்கள். பிறகு ஏன் போக முடியாமல் போயிற்று?

வெற்றிக்கு முன்பே பூட்டிய தொழிற்சாலை

நிலவுக்கு ஆளை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் உற்பத்தியை 15 ராக்கெட்டுகளோடு நிறுத்திவிடுவது என்று நாசாவின் தலைவர் ஜேம்ஸ் வெப் முடிவு செய்தது 1968 ஆகஸ்டில். ஆர்ம்ஸ்ட்ராங் காலடி வைப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு! வியட்நாம் போர் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் நாசாவுக்குப் போனது. பின்னாளில் அது ஒரு ரூபாய்க்கும் கீழே இறங்கியது. உச்சத்தில் சுமார் நான்கு லட்சம் பேர் அப்போலோவுக்காக வேலை பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை தேடிப் போனார்கள். 13 சாட்டர்ன் 5 ராக்கெட்டுகள் 1967 முதல் 1973 வரை பறந்தன. மிஞ்சியவை காட்சிப்பொருளாயின.

பெட்டிட் 'அழித்துவிட்டோம்' என்றது இதைத்தான். யாரும் சம்மட்டி எடுத்து எதையும் உடைக்கவில்லை. தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கொடுப்பதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

இடைவெளி விழுவது நிலவுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1912 ஜனவரியில் ஸ்காட் குழுவினர் தென் துருவத்தை விட்டுக் கிளம்பிய பிறகு, அடுத்த மனிதர் அங்கே நின்றது 1956இல். பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான பள்ளத்துக்கு 1960இல் இருவர் இறங்கினார்கள். அடுத்தவர் இறங்க 2012 ஆயிற்று. ஒலியைவிட வேகமாகப் பயணிகளை ஏற்றிச் சென்ற கான்கார்டு விமானம் 2003இல் நின்றது. அதற்கு ஈடான பயணிகள் சேவை இன்னும் வரவில்லை. கான்கார்டு பொய் என்று யாரும் சொல்வதில்லை.

சாட்டர்ன் 5இன் வரைபடங்கள் தொலைந்துவிட்டன என்றொரு கதை உண்டு. அது உண்மையல்ல, அவை மைக்ரோஃபிலிமில் பத்திரமாக இருக்கின்றன. உண்மையிலேயே தொலைந்தது வேறொன்று: அப்போலோ 11இன் நிலவு ஒளிபரப்பு நேரடியாகப் பதிவான மூல நாடாக்கள். நாடாத் தட்டுப்பாடு வந்தபோது, ஆயிரக்கணக்கான மற்ற நாடாக்களோடு அவற்றையும் அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று நாசா 2009இல் ஒப்புக்கொண்டது. சாதாரண அலுவலக அலட்சியம். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பதிவுகள் பல இடங்களில் இருந்ததால் காட்சி மிஞ்சியது, அதன் தெளிவு போயிற்று.

வரைபடம் இருக்கிறதே, அதை வைத்து மறுபடி செய்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் விஷயம் சுவையாகிறது.

குண்டு வைத்துத் திருத்திய என்ஜின்

சாட்டர்ன் 5இன் உயரம் சுமார் 110 மீட்டர். அதன் அடியில் ஐந்து எஃப்-1 என்ஜின்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 690 டன் உந்துவிசை தந்தது. மண்ணெண்ணெயையும் திரவ ஆக்சிஜனையும் சேர்த்து நொடிக்கு இரண்டரை டன் குடித்தது. ஒற்றை எரியறை கொண்ட திரவ எரிபொருள் என்ஜின்களில் அதைவிட வலிமையான ஒன்று இன்றுவரை பறக்கவில்லை.

அதைத் தயாரித்தது கலிஃபோர்னியாவின் ராக்கெட்டைன் நிறுவனம். 1962இல் சோதனை மேடையில் ஓர் எஃப்-1 தன்னையே உருக்கி அழித்துக்கொண்டது. எரியறைக்குள் தீ சீராக எரியாமல் சுழன்று அதிர்ந்து, ஒரு கண்ணிமைப்பில் உலோகத்தைத் தின்றுவிட்டது. அது ஏன் நேர்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கோட்பாடு அன்று யாரிடமும் இல்லை. பொறியாளர்கள் ஒரு முரட்டு வழியைக் கையாண்டார்கள். எரிந்துகொண்டிருக்கும் என்ஜினுக்குள் ஒரு சின்னக் குண்டை வெடித்து வேண்டுமென்றே அதிர்வைக் கிளப்புவது; தீ தானாக அடங்குகிறதா என்று பார்ப்பது. எரிபொருளைத் தெளிக்கும் தட்டின் துளைகளை மாற்றுவது, கோணத்தை மாற்றுவது, தட்டின் மேல் தடுப்புச் சுவர்களை எழுப்புவது, மறுபடி குண்டு வைப்பது. முழு அளவிலான சோதனைகளே சுமார் 2,000 முறை நடந்தன. கடைசியில், கிளப்பிய அதிர்வு பத்தில் ஒரு நொடிக்குள் அடங்கியது.

இதில் ஒரு வேடிக்கை. 'நிலவுக்கு நாம் போகவே இல்லை' என்று 1976இல் புத்தகம் எழுதி இந்தச் சந்தேகத்துக்கு வித்திட்ட பில் கேசிங், இதே ராக்கெட்டைனில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலையில் இருந்தவர். அவர் வேலையை விட்டது 1963இல், எஃப்-1இன் சிக்கல் தீராமல் இருந்த நேரத்தில். அவர் கதவைத் தாண்டிய பிறகுதான் என்ஜின் அடங்கியது. பறந்த 13 பயணங்களிலும் 65 எஃப்-1 என்ஜின்களில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை.

2013 வாக்கில், அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில்லில் உள்ள நாசாவின் மார்ஷல் மையத்தில், அப்போலோ காலத்தில் பிறந்தேயிராத இளம் பொறியாளர்கள் ஒரு பழைய எஃப்-1ஐக் கழற்றினார்கள். வரைபடமும் என்ஜினும் அச்சுப்பிசகாமல் ஒத்துப்போகவில்லை. பாகங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவற்றை இணைத்த வெல்டிங் எல்லாம் மனிதக் கை செய்தது. இடுக்கான மூலைகளில் வெல்டர் தன் போக்கில் செய்த சரிக்கட்டல்கள் எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. அந்தக் கைக்குச் சொந்தக்காரர்களில் பலர் உயிரோடு இல்லை. குழு ஒவ்வொரு பாகத்தையும் முப்பரிமாண ஸ்கேன் எடுத்தது. என்ஜினின் பம்புகளை ஓட்டும் வாயு உற்பத்திக் கருவியைப் புதுப்பித்து, 2013 ஜனவரியில் சோதனை மேடையில் ஏற்றிப் பற்றவைத்தது. நாற்பது ஆண்டு கழித்தும் அது கர்ஜித்தது. ஆனால் முழு என்ஜினைப் பழையபடியே செய்ய வேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்றைய முறையில், மிகக் குறைந்த பாகங்களோடு புதிதாக வடிவமைப்பதே மேல் என்றார்கள்.

செய்தவருக்கே தெரியாத ரகசியம்

வெல்டருக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தது. செய்தவருக்கே தெரியாத நுட்பம் தொலைந்தால்?

அமெரிக்காவின் டபிள்யூ-76 அணு ஆயுதத்தில் ஃபாக்பேங்க் என்றொரு ரகசியப் பொருள் உண்டு. டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆலையில் 1989 வரை அதைத் தயாரித்துவிட்டு நிறுத்தினார்கள்; தயாரித்த கூடத்தையும் மூடினார்கள். அந்த ஆயுதங்களின் ஆயுளை நீட்டிக்க 2000க்குப் பிறகு மறுபடி தேவைப்பட்டது. ஆவணங்கள் போதவில்லை, ஆட்கள் ஓய்வு பெற்றிருந்தார்கள் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2009 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. புதிய கூடம் கட்டி, பழைய செய்முறைப்படியே செய்தும் பொருள் சரியாக வரவில்லை. பல ஆண்டுகள், பல கோடி டாலர்கள் கரைந்த பின் காரணம் புலப்பட்டது. பழைய மூலப்பொருளில் ஓர் அசுத்தம் கலந்திருந்தது. புதிய முறை அதைச் சுத்தமாக நீக்கிவிட்டது. ஃபாக்பேங்கின் குணத்துக்கு அந்த அசுத்தம்தான் காரணம் என்று முதலில் தயாரித்தவர்களுக்கே தெரியாது.

இதே கதை இரும்பில் ஏற்கெனவே ஒருமுறை நடந்திருக்கிறது, அதுவும் நம் பக்கத்து இரும்பில். தென்னிந்தியாவில் மூசையில் வைத்து உருக்கிய எஃகு, மேற்காசியப் பட்டறைகளுக்குப் போய் நீரலை போன்ற வரிகள் ஓடும் டமாஸ்கஸ் வாள்களாயிற்று. அத்தகைய எஃகு செய்த எச்சங்கள் தமிழ்நாட்டின் மேல்சிறுவலூரிலும் கிடைத்துள்ளன. 19ஆம் நூற்றாண்டுக்குள் அந்தக் கலை அற்றுப்போயிற்று. மைக்கேல் ஃபாரடே போன்ற மேதையே இந்திய எஃகை ஆராய்ந்து ரகசியத்தைப் பிடிக்க முயன்று தவறினார். 1990களில் அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும் கொல்லர் ஆல்ஃப்ரெட் பென்ட்ரேயும் சேர்ந்து அதை மீட்டார்கள். வரிகளுக்குக் காரணம், தாதுவில் மிகச் சொற்பமாகக் கலந்திருந்த வனேடியம் போன்ற தனிமங்கள். தாது மாறியதும் வாள் மாறியது. பழைய செய்முறை பலிக்கவில்லை. மகனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லாமல் போயிற்று என்பது அவர்கள் கணிப்பு.

திரும்ப எரிந்த கவசம்

இந்தப் பாடம் அப்போலோவின் வாரிசையும் விடவில்லை. நிலவிலிருந்து திரும்பும் கலம் மணிக்கு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் நுழையும். அப்போலோ அந்த வெப்பத்தை அவ்கோட் என்ற கவசத்தால் தாங்கியது. தேன்கூடு போன்ற சட்டத்தின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அறைகளை, பணியாளர்கள் ஒவ்வொன்றாகக் கையால் நிரப்பினார்கள். நாசா தன் புதிய ஓரியன் கலத்துக்கு அவ்கோட்டையே தேர்ந்தெடுத்தது. சுற்றுச்சூழல் விதிகளுக்காகச் சில சேர்மானங்களை மாற்ற வேண்டியிருந்தது. பிறகு, நேரம் மிச்சமாகட்டும் என்று தேன்கூட்டையும் கைவிட்டுக் கட்டிகளாக வார்த்து ஒட்டினார்கள்.

2022 டிசம்பரில் ஆளில்லாமல் நிலவைச் சுற்றித் திரும்பிய ஓரியனின் கவசத்தில், நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் கருகிய பகுதி துண்டு துண்டாகப் பெயர்ந்திருந்தது. காரணத்தை நாசா 2024 டிசம்பரில் அறிவித்தது: கவசத்துக்குள் உண்டான வாயுக்கள் வெளியேற வழியில்லாமல் அழுத்தி, அதைப் பிளந்திருந்தன. தரையில் நடந்த சோதனைகளைவிட உண்மைப் பயணத்தின் ஒரு கட்டத்தில் வெப்பம் குறைவாக இருந்ததே வம்பாயிற்று. மேல்பரப்பு போதிய அளவு கருகித் துளைவிடவில்லை. பெயர் பழையது, பொருளும் ஏறத்தாழப் பழையது. பக்குவம் மட்டும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

நிற்காத பட்டறை

அப்போலோவுக்கு மூத்த ஒரு ராக்கெட் இன்னும் பறக்கிறது. 1957இல் ஸ்புட்னிக்கையும் 1961இல் ககாரினையும் விண்ணுக்கு ஏற்றிய சோவியத்தின் ஆர்-7 குடும்பத்தில் வந்ததுதான் இன்றைய சோயுஸ். அதன் முதல் கட்ட என்ஜின்களும் அந்தப் பழைய என்ஜின்களின் நேர் வாரிசுகளே. மேம்படுத்தப்பட்டவை, ஆனால் மறந்துபோய் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. எழுபதுகளிலும், சோவியத் ஒன்றியம் உடைந்த தொண்ணூறுகளிலும் அவற்றின் உற்பத்தி அற்றுப்போகவில்லை. மூத்தவர் இருக்கும்போதே இளையவர் வேலைக்குச் சேர்ந்தார். காகிதத்தில் ஏறாததைப் பக்கத்தில் நின்று பழகிக்கொண்டார்.

வயதில் மூத்த என்ஜின் இன்றும் மனிதர்களைச் சுமக்கிறது. வலிமையில் அதை எங்கோ விஞ்சிய இளைய என்ஜின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரஷ்யர்கள் கூடுதலாகப் படித்திருந்தார்கள் என்பதோ, அமெரிக்கர்கள் நடித்தார்கள் என்பதோ இதற்குக் காரணம் அல்ல. ஒரு பட்டறைக்கு ஆண்டு தவறாமல் வேலை வந்தது. இன்னொன்றுக்கு 1968இல் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.